உன் பலகையில் சிரிக்கிற கிழவி

மகன்,

'அன்புள்ள' என்று எழுதித்தான் இதைத் தொடங்கியிருக்க வேண்டும். பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், கை வரவில்லை. எழுதி முடிக்கும்போது கோபம் தணிந்திருந்தால் கடைசியில் சேர்த்துவிடுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி அம்மா, சரி அம்மா, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுகிறாய். விடுதிக்குக் கதிரை, கட்டில் வாங்கக் கொழும்புக்குப் போன இடத்தில் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. உன் கூட்டாளிக்கும் வாசித்துக் காட்டு. வேறு யாருக்குக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை.

நேற்று மத்தியானம் லொறியில் உன் பலகை வந்து இறங்கியது. நம் வீட்டு வாசல் கதவைவிடப் பெரிது. இரண்டு பேர் தூக்கி வந்து புது விடுதியின் சுவரில் சாய்த்து வைத்து, சுற்றியிருந்த மட்டையைக் கிழித்தார்கள். உள்ளே உன் அப்பம்மா. வெள்ளைச் சேலை, படிய வாரிய தலை, மடியில் வெறும் கை, வாய் திறக்காத ஒரு சிரிப்பு. பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுத்து. தமிழில் இருந்தது இது: 'அப்பம்மாவின் காற்று வீடு. ஒருநாளும் குரல் உயர்த்தாத, காற்றை நேசித்த ஒரு தாயின் மடியில் இளைப்பாறுங்கள்.' நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். பலகை இறக்கிய ஆள் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். "அக்கா, திங்கக்கிழமை ஆள் வரும். அந்தக் கருவாடு காயப்போடுற தட்டியெல்லாம் கழட்டிப்போடச் சொல்லித் தம்பி சொல்லியிருக்கார். வெள்ளக்காரருக்கு மணம் ஒத்துக்கொள்ளாதாம்."

மாமி அப்போது கட்டா மீனை முதுகுப் பக்கமாகக் கீறிக்கொண்டிருந்தார். கத்தியோடேயே எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஆரு புள்ள இந்தக் கிழவி?" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை மகன், உண்மையாகவே அவருக்கு ஆளைத் தெரியவில்லை. "நீங்கதான் மாமி" என்றேன். கிட்டப் போய், கைக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தார். "என்ட கத்தி எங்க?" என்றார்.

அந்தக் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கி அப்பால் வைத்தது உன் கூட்டாளி கூட்டி வந்த படக்காரன். மூன்று மாதத்துக்கு முன் வந்தானே, கழுத்தில் இரண்டு கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு. பெரிய வெள்ளிக்கு மட்டும் உடுக்கிற சேலையை உடுக்க வைத்தான். கதிரையில் இருத்தினான். "ஆச்சி, வாயை மூடிக்கொண்டு சிரிங்க" என்று அவன் சொன்னபோது நானும் சிரித்தேன். ஏதோ குடும்பப் படம் என்று நினைத்தேன். அவருடைய வாயை மூட வைத்தது வியாபாரத்துக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் படக்காரன் கமராவோடு ஊர் போய்ச் சேர்ந்திருக்கமாட்டான்.

எனக்கும் உன் அப்பம்மாவுக்கும் ஒத்துவராது என்பது உனக்குத் தெரியும். ஆலங்குடா ஊர் முழுக்கத் தெரியும். ஆகையால் மாமியாரைப் புகழ்ந்து நல்ல பெயர் வாங்க நான் இதை எழுதவில்லை. சிலாபத்தில் பஸ் கொண்டக்டருடைய மகளாக வளர்ந்தவள் நான். மீனைக் குழம்புச் சட்டியில்தான் பார்த்திருந்தேன். கலியாணம் முடிந்து வந்த மறுநாள் காலையில் மாமி தேத்தண்ணியும் பாணும் வைத்து, பக்கத்திலேயே ஒரு கத்தியையும் வைத்தார். "குடிச்சிட்டு வா" என்றார். அன்றைக்கு நான் உப்புப் போட்ட சீலா மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உப்புப் போட்டியா, தீர்த்தம் தெளிச்சியா?" என்று கேட்டார். வள்ளத்தை இழுத்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா வாய் பேசாத மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் பேசாதவர் இல்லை, பிறந்ததிலிருந்து அவருக்கு இடைவெளி கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட தாயைத்தான் நீ குரல் உயர்த்தாதவர் என்று மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறாய்.

குரல் உயர்த்தாதவராம். கோயிலில் நடந்ததை நீ மறந்துவிட்டாயா? உனக்குப் புதுநன்மை, அதுதான் முதல் நற்கருணை, கொடுத்த வருடம். பங்குனி ஞாயிறு, நல்ல வெயில், இரவே உப்பில் போட்ட மீன் கரையில் காத்துக்கிடக்கிறது. புதிதாக வந்த சாமி பிரசங்கத்தைத் தொடங்கியவர் நிறுத்துகிற மாதிரி இல்லை. மாமி இரண்டாவது வரிசையில் எழுந்து நின்று, "சாமி, ஆண்டவர் விளங்கிக்கொள்ளுவார், வெயில் விளங்காது" என்றார். சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு பிரசங்கத்தை விட்டு விசுவாசப் பிரமாணச் செபத்துக்குப் போனார். நீ வெட்கத்தில் என் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாய். அடுத்த கிழமையிலிருந்து கருவாட்டுக் காலத்தில் பூசை விடியக் காலையிலேயே வைக்கப்பட்டது. இன்றைக்கும் அப்படித்தான். இதைப் போடு பலகையில்.

அடுத்தது காற்று. குரலைப் பற்றிச் சொன்னதையாவது யாரோ தெரியாதவன் எழுதினான் என்று விட்டுவிடலாம். காற்றை நேசித்தவர் என்று நீ எழுத விட்டிருக்கக் கூடாது. உனக்குத் தெரியும். கச்சான் காற்று எழும்பினால் வள்ளமெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கும், கடல் பக்கம் ஒருவரும் போக முடியாது, மாதக்கணக்கில் அடுப்பில் வைக்க ஒன்றும் இருக்காது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க உன் விடுதிக்கு வரப்போகிறவர்கள் கைகொட்டி வரவேற்கிற அதே காற்றுத்தான். அது தொடங்குகிற அன்று மாமி என்ன செய்வார்? அலுமாரிக்கு மேல் இருக்கிற அந்தோனியார் சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். "கடலை அடக்கிப்போட்டு இந்தப் பக்கம் பாரும்" என்பார். ஆவணி கழிந்து, முதல் வள்ளம் இறங்குகிறவரைக்கும் அந்தோனியார் அப்படியேதான் நிற்பார். நீ சின்னவனாக இருந்தபோது பின்னேரச் செபத்தை அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னவன். "அவருக்கு நாங்க சொல்றது கேக்குமா அம்மா?" என்று என்னைக் கேட்டாய். அந்த வீட்டில் வளர்ந்தவன் இப்படி எழுத விடலாமா?

காற்றுக் காலத்தில் நம்மைத் தாங்கியது அவர் பங்குனி வெயிலில் காயவைத்ததும், உப்பும் கொறுக்காய்ப் புளியும் போட்டுச் சாடியில் அடைத்ததும்தான். நம்மை மட்டுமில்லை, இந்தக் கரையில் எத்தனையோ அடுப்பை. வாங்க வந்தவர்களை முதலில் திட்டுவார். "வெயில் காலத்தில படுத்துக்கிடந்திட்டு இப்ப சட்டியோட வாறாய்" என்பார். திட்டிக்கொண்டே சட்டியை நிரப்புவார். இன்றைக்கும் அந்தக் கருவாட்டுக்குப் புத்தளத்திலிருந்து ஆள் வருகிறார்கள், உனக்குத் தெரியாததில்லை. இந்தக் கருவாடுதான் உன்னைப் படிக்க வைத்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அது எல்லா அம்மாமாரும் சொல்கிற கதை, கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது மரத்துவிட்டது. நான் சொல்வது வேறு. இப்போது பங்குனி. காற்றுக்கு முன்னால் மிச்சமிருக்கிற இந்த வெயில்தான் மாமியுடைய வருடம். அந்த வெயிலுக்கு நடுவில் நீ தட்டியைக் கழற்ற ஆள் அனுப்புகிறாய்.

விடுதி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கட்டாரில் ஹோட்டலில் நின்று வேலை பழகி, சேமித்துக்கொண்டு வந்து, சொந்தக் காணியில் கட்டுகிறாய், எனக்குப் பெருமைதான். காற்று உனக்குச் சோறு போட்டால் போடட்டும். அந்தக் காணியை நீ மாமியிடம் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னதும் உனக்கு ஞாபகமிருக்க வேண்டும். "பின்பக்கம் எவ்வளவு வேணுமோ கட்டிக்கொள். கடல் பக்கம் என்ட." நீ தலையாட்டினாய். பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தாய். காகத்துக்குப் பயம் காட்டக் கட்டித் தொங்கவிட்ட செத்த காகத்தை முதலில் அவிழ்க்கச் சொன்னாய், பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறதாம். மாமி முணுமுணுத்துக்கொண்டு அவிழ்த்தார், பேரன் கேட்டான் என்று. பிறகு உப்புத் தொட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னாய். அதுவும் நடந்தது. இப்போது தட்டியும் போக வேண்டும், ஆளும் உள்ளே போக வேண்டும், பலகையில் மட்டும் இருக்க வேண்டும்.

அந்தக் கடல் பக்கம் எப்படி மிஞ்சியது என்று உனக்குப் பாதிதான் தெரியும். போர் முடிந்து கடற்கரைக் காணிக்கு விலை ஏறிய காலத்தில் நீ சிலாபத்தில் என் அம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் ஜீப்பில் ஒருவன் வந்தான். எங்கேயோ எழுதிய காணி உறுதிப் பத்திரம் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, நம் கருவாட்டுக் காணிக்குக் குறுக்கே தூண் நட்டு, முள்ளுக்கம்பி இழுத்துவிட்டுப் போனான். ஆம்பிளைகள் எல்லாரும் சட்டை போட்டுக்கொண்டு அவனைப் பார்க்கப் போனார்கள். உன் அப்பாவும் போனார். பணிவாகக் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மாமி ஒருவரையும் பார்க்கப் போகவில்லை. மறுநாள் காலையில் கீறிய மீனைக் கொண்டுபோய் அந்த முள்ளுக்கம்பியில் வரிசையாகக் கொழுவிவிட்டார். பார்த்துக்கொண்டு நின்ற மற்றப் பெண்களும் தங்கள் மீனைக் கொண்டுவந்து கொழுவினார்கள். வேலி முழுக்க மீன். காகம் கிட்டவே வரவில்லை, முள்ளில் கால் வைக்க முடியவில்லை.

அவன் காணி காட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜீப்பிலேயே இருந்தார்கள். அவன் சிங்களத்தில் கத்தினான், மாமி தமிழில் கத்தினார், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கக் காத்திருக்கவில்லை. சிலாபத்துக்காரி என்பதால் இரண்டும் தெரிந்தவள் நான்தான். நடுவில் நின்றேன். மாமி என்னைப் பார்த்து, "இவனிட்ட சொல்லு புள்ள, கம்பி நல்ல கம்பி, இன்னும் ரெண்டு வரி இழுத்துத் தரச் சொல்லு" என்றார். நான் ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். எனக்குக் கால் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக மாமி என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அந்த மழைக்காலம் கழிவதற்குள் மீன் உப்பில் கம்பி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அவன் திரும்பி வரவில்லை. உன் விடுதி நிற்கிறதே, அதுவும் அந்த வேலிக்குள் அகப்பட்ட காணிதான். அந்த ஜீப்காரனுக்குக் கொடுக்காததை அவர் உனக்குக் கொடுத்தார். அவன் கம்பியால் செய்ய முடியாததை நீ அவருடைய சிரிப்பை வைத்தே செய்யப் பார்க்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது மகன்.

போன மாதம் போனில் நீ சொன்ன ஒரு கதை என் மனதில் கிடந்து அறுக்கிறது. "ஆருக்கெல்லாமோ அதில இடம் குடுத்தவதானே, சொந்தப் பேரனுக்குக் குடுக்கமாட்டாவா?" என்றாய். வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனத்தைத்தான் சொன்னாய். நான் கலியாணம் செய்து வந்த புதிதில் நடந்தது அது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை, அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு கருவாட்டுக் காணியின் ஓரத்தில் வந்து நின்றாள். மிதிக்கவில்லை, ஓரத்திலேயே நின்றாள். "உம்மா, கொஞ்ச நாளைக்கி இதுல ஒரு கொட்டில் போட்டுக்கிறவா?" என்று கேட்டாள். மாமி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "மீன் காயிற இடத்திலயா பச்சைப் புள்ளைய வளப்பாய்? ஈ மொய்க்கும், நாய் வரும், உனக்குப் புத்தி இருக்கா?" என்று கத்திக்கொண்டே தட்டியை ஒவ்வொன்றாகத் தன் கையால் கழற்றினார். பாதிக் காணியில் கொட்டில்கள் எழும்பின. அந்த வருடம் நம்முடைய கருவாடும் பாதிதான். அந்தப் பெண் இப்போது பேரப்பிள்ளைகளோடு புத்தளத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு பெருநாளுக்கும் அங்கிருந்து வட்டிலப்பம் வருகிறது, நீயும் சாப்பிட்டிருக்கிறாய்.

ஓம் மகன், ஊர் பேர் தெரியாதவர்களுக்கு அவர் இடம் கொடுத்தார். ஆனால் அவர்கள் கேட்டார்கள். ஒன்றுமே இல்லாத நிலையிலும் ஓரத்தில் நின்று கேட்டார்கள். நீ கேட்கவில்லை. லொறிக்காரனிடம் சொல்லி அனுப்பினாய். 'அப்பம்மா, எனக்குக் கடல் பக்கமும் வேணும்' என்று நேரே வந்து நின்றிருந்தால், உன்னை நாய் பேய் என்று திட்டியிருப்பார். பிறகு என்ன செய்திருப்பாரோ, எனக்குத் தெரியாது. ஒருவேளை பாதியைத் தந்திருப்பார். ஒருவேளை தந்திருக்கமாட்டார். அது அவர் முடிவு. அந்த முடிவை அவர் கையிலிருந்து பறித்துவிட்டு, அவருடைய படத்துக்குப் பக்கத்தில் 'தாயின் மடி' என்று எழுதுகிற துணிச்சலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பலகையில் எழுதியிருப்பதை நேற்றே வாசித்துக் காட்டச் சொன்னார், நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்று விடவில்லை. வாசித்தேன். குரல் உயர்த்தாதவர் என்ற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. காற்றை நேசித்தவர் என்றதும், "ஆரு, நானா?" என்றார். அவ்வளவுதான். கத்துவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை. போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். மீன் கூடையில் கிடக்கிறது, வெயில் ஏறிக்கொண்டே போகிறது, அவர் எழும்பவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் ஒருநாளாவது ஓயாதா என்று நேர்ந்துகொள்ளாத குறையாக இருந்தவள் நான். இன்று அது ஓய்ந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நீ எழுதி வைத்த கிழவி உண்மையாகவே வந்து உட்கார்ந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

பிறகு எழும்பினார். "புள்ள, அந்தப் பக்கம் பிடி" என்றார். ஏன், எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கினோம். நல்ல பாரம், எதில் செய்தார்களோ. "உன்ட பக்கம் சரியுது, தூக்கு. சிலாபத்தில சோறு போட்டா வளத்தாங்க?" என்று தொடங்கினார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூச்சு வாங்க வாங்க, பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தோம். மாமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "அவன் வந்து கேக்கட்டும். கேட்டா இந்தப் பக்கம் திருப்புவம்" என்றார். பிறகு பலகையின் முதுகைத் தட்டிப் பார்த்தார். குறுக்கும் நெடுக்குமாக நல்ல இரும்புச் சட்டம், கடல் பக்கத்து வெயில் நேராக விழுகிறது. நான் கட்டா மீனை எடுத்து அதில் கொழுவத் தொடங்கினேன். "நெருக்கிப் போடாத, புழுங்கிப்போகும்" என்று என் கையிலிருந்து பறித்து, தானே கொழுவினார்.

திங்கட்கிழமை ஆள் வந்தால் வரட்டும். இரண்டு மொழியிலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன், இந்தமுறை கால்கூட நடுங்காது. அதற்கு முன் நீ வா. உன் கூட்டாளியை விட்டுவிட்டுத் தனியே வா. கருவாட்டுக் காணியின் ஓரத்தில் நின்று கேள். திட்டு விழும், முழுதாக வாங்கிக்கொள். தட்டி நிற்கும் என்று அவர் சொன்னால் நிற்கும், அதற்கு ஏற்றபடி உன் வெள்ளைக்காரருக்கு நீ என்ன சொல்வாயோ சொல்லிக்கொள். படம் வேண்டுமென்றால் வேறு படம் எடுக்கச் சொல், கையில் கத்தியோடு, வாய் திறந்தபடி. எழுத்தை நான் எழுதித் தருகிறேன்.

உனக்கென்று மாமி இரண்டு கட்டாக் கருவாடு பேப்பரில் சுற்றித் தந்திருக்கிறார். தரும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொழும்பு பஸ்ஸில் அனுப்புகிறேன், கடிதத்தையும் அதே பொதிக்குள்தான் வைக்கிறேன். பிரித்தவுடன் அறை முழுக்க மணக்கும், உன் கூட்டாளி மூக்கைப் பொத்துவான். நீ பொத்துகிறாயா என்று பார்.

'அன்புள்ள' என்ற சொல்லைக் கடைசியில் போடுகிறேன் என்றேன். இன்னும் கை வரவில்லை. அதுவும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் நிற்கிறது.

அம்மா